‘தண்ணி சின்னது’ என்றாள் தங்கம்

ஐதராபாத்தில் லாலாகுடா ரயில்வே காலனியில் தங்கத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. தங்கம் பேசிக் கேட்டவர்கள்தான் குறைவு. தமிழ்க்காரர்களிடம் அவசியத்துக்கு நாலு வார்த்தை பேசுவாள். வேறு பாஷையில் யாராவது வாயெடுத்தால் தலையைக் குனிந்துகொள்வாள். காய்கறிக்காரி வந்தால் விரலால் காட்டி வாங்குவாள். பால்காரன் ஏதாவது கேட்டால் உள்ளே போய் மகளை அனுப்புவாள். “பதிமூணு வருஷமா இந்த ஊர்த் தண்ணியக் குடிக்கிறா, ஆமான்னு ஒரு ‘ஹவ்’ சொல்லத் தெரியல” என்று மற்றப் பெண்கள் கேலி செய்து, பாவம், மந்தபுத்தி என்று ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள்.

மந்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தங்கம் பயந்துபோயிருந்தாள். சிலருக்கு நாயைக் கண்டால் பயம், சிலருக்கு இருட்டைக் கண்டால் பயம். தங்கத்துக்குத் தன் வாயைக் கண்டு பயம். அது திறந்து ஒரு வார்த்தை வெளியே வந்தால் யாராவது செத்துப்போவார்கள் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். இந்த நம்பிக்கை அவளுக்கு எப்படி வந்தது என்று சொல்ல 1935-ஆம் வருஷத்து ஆடிப் பதினெட்டுக்குப் போக வேண்டும்.

தங்கம் பவானிக்காரி. அப்பா ஜமுக்காளம் நெய்கிறவர். காவேரியும் பவானியும் கூடுகிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. அவளைக் கட்டிக்கொண்ட பழனிசாமியும் அந்தப் பக்கத்துக்காரன்தான். ஈரோட்டில் ரயில்வேயில் வேலை பழகி, நிஜாம் ராஜ்யத்து ரயில்வே பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஐதராபாத்துக்கு வந்து, ரிவிட் அடிக்கிற வேலையில் சேர்ந்தவன். நல்ல உயரம், நல்ல தோள். ஊரில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆடிப் பெருக்கன்று காவேரி கரை தொட்டு ஓடும்போது பாலத்துக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று, இரண்டு கரையிலும் ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, தலைகீழாகக் குதிப்பான். அந்த வயதில் சில ஆண்பிள்ளைகளுக்கு மண்டைக்குள் மூளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாலம்தான் இருக்கிறது. தங்கமும் கரையில் நின்று பார்த்தவள்தான். பார்த்து மயங்கியவள்தான். அதையும் மறைப்பதற்கில்லை.

கல்யாணமாகி அவள் காலனிக்கு வந்தபோது பழனிசாமி இந்த ஊரில் நாலு வருஷத்துப் பழக்கம் உள்ளவன். தெலுங்கும் உருதும் பட்டறைக்குப் போதுமான அளவு பேசுவான். தங்கத்துக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அப்போது அவள் வாய் மூடாத பெண். கேட்டதையெல்லாம் பிடித்துக்கொள்வாள். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’, தண்ணீருக்கு ‘பானி’. கத்தரிக்காய் கூறு கட்டுகிறவளிடம் பெரியதுக்கு ‘படா’, சின்னதுக்கு ‘சோட்டா’ என்று கற்றுக்கொண்ட அன்று வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் படா, சோட்டா என்று பிரித்து வைத்துப் புருஷனைச் சிரிக்க வைத்தாள். தான் ஒரு புது ஊரையே கைக்குள் அடக்கிக்கொண்டிருப்பதாக அவளுக்கு ஒரு பெருமை.

ஆடிப் பதினெட்டு வந்தது. காலனியில் காவேரிக்கரைக் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. அவர்களுக்கு அன்றைக்கு ஒரு ஆறு வேண்டும். காவேரி இல்லாவிட்டால் மூசி. விடிவதற்கு முன்பே இரண்டு மாட்டுவண்டிகளில் சித்திரான்னமும் மாவிளக்கும் மஞ்சள் கயிறும் முளைப்பாரிக் கூடையுமாகக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு நாகம்மா ஸ்ரீரங்கத்துக்காரி, காலனியில் எல்லாரையும்விடப் பழையவள். அவள்தான் தலைமை.

சாதர்காட் பாலத்துக்கு மேல்பக்கம், புளியமரத்தடியில் வண்டிகளை அவிழ்த்தார்கள். ஆற்றைப் பார்த்ததும் தங்கத்துக்குச் சப்பென்று போய்விட்டது. பாறைகளும் குட்டைகளும் மணல் திட்டுமாகக் கிடந்தது. வண்ணார்கள் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டமான தண்ணீர் என்றால் நடுவில் ஒரு அறுபதடி அகலத்துக்குத்தான். அது வளைந்து வந்து பாலத்தின் மூன்றாவது கமான் வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“இதுவா ஆறு?” என்றாள்.

“இருக்கறதுக்குக் கும்புட்டுக்க” என்றான் பழனிசாமி.

மற்றப் பெண்கள் மரத்தடியில் சாமான் இறக்கிக்கொண்டிருக்க, பூசைக்குச் சுத்தமான இடம் பார்க்கத் தங்கமும் பழனிசாமியும் முன்னால் இறங்கினார்கள். அப்போது கரைமேல் பாதையில் ஒருவன் தமுக்கு அடித்துக்கொண்டே வேகமாகப் போனான். நாலடிக்கு ஒரு தரம் நின்று ஆற்றைப் பார்த்துக் கத்தினான். தமுக்குச் சத்தத்துக்கு நடுவே தங்கத்தின் காதில் இரண்டு வார்த்தைகள்தான் தெளிவாக விழுந்தன.

“பானி சோடே! பானி சோடே!”

பானி தெரியும். சோட்டாவும் தெரியும். டகரத்தை இந்த ஊர்க்காரர்கள் எத்தனை விதமாக உருட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. நம்முடைய காதுக்கு டகரம் ஒன்றுதான். நாக்கை மடித்து மெல்லச் சொன்னாலும் அழுத்திச் சொன்னாலும் ஒரே எழுத்து. இவர்களுக்கு அப்படி இல்லை. ஒன்றுக்குச் சின்னது என்று அர்த்தம், இன்னொன்றுக்கு விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

“என்னமோ கத்திட்டுப் போறானே, என்ன புள்ள சொல்றான்?” என்று பழனிசாமி கேட்டான்.

“தண்ணி சின்னதா இருக்குதாமுங்க மாமா” என்றாள் தங்கம், ஒரு நொடி யோசிக்காமல். “பானி சோட்டா. அதான் நாமளே பாக்கறமே.”

பழனிசாமி அவளைப் பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். “அடேயப்பா! நெம்பத் தேறிட்டே போ.”

அவளுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. எதிரே வண்ணார்கள் அவசர அவசரமாக ஈரத்துணியை மூட்டை கட்டிக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதையும் அவள் பார்த்தாள். வேலை முடிந்து கிளம்புகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

பூசை நடந்தது. மணலில் கன்னிமார் கல் ஏழு வைத்து, மஞ்சள் பூசி, மாவிளக்கு ஏற்றினார்கள். பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். கடைசியில் முளைப்பாரியை விடுகிற கட்டம். கரையோரம் தேங்கிய தண்ணீரில் சோப்பு நுரையும் சாணியும் மிதந்தன.

“சாமி முளைய இதுலயா விடறது? ஓடற தண்ணியில விடணும்” என்று நாகம்மா முகத்தைச் சுளித்தாள்.

பழனிசாமி அதற்குத்தான் காத்திருந்தவன்போல் சட்டையைக் கழற்றினான். “கூடையக் கொடுங்க அக்கா. அந்தக் கமான் பக்கத்துல நல்லா ஓடுது. அங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்.”

“பாலத்துக்கிட்ட வேண்டாம் தம்பி” என்றாள் நாகம்மா. “தண்ணி கொஞ்சமாத்தான் தெரியும். தூணடியில ஆளை முழுங்கற பள்ளம் பறிச்சு வச்சிருக்கும். அகலத்துல வர்ற ஆறு அங்க ஒடுங்கித்தானே போவணும்? இழுப்பு ஜாஸ்தி. எங்க ஊர்ல பாலத்தடியில குளிக்கப் போனவன் எத்தனை பேர் திரும்பி வரல தெரியுமா?”

“காவேரியில பாலத்து மேலருந்து குதிச்சவனுக்கா சொல்றீங்க?” என்று சிரித்துவிட்டுப் பழனிசாமி பெண்டாட்டியைப் பார்த்தான். எல்லாரும் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கக் கேட்டான். “என்ன புள்ள, போவட்டுமா?”

அத்தனை பெண்களுக்கு நடுவே தன்னிடம் அனுமதி கேட்கிறானே என்று அவளுக்குக் கூச்சமும் பெருமையுமாக இருந்தது.

“போயிட்டு வாங்க மாமா” என்றாள். “தண்ணிதான் சின்னதாச்சே.”

கூடையைத் தலைமேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவன் இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. பிறகு ஒரு கையால் நீந்தினான். நீச்சலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவது கமானுக்கு இருபது முப்பது அடி மேலே கூடையை விட்டான். அது சுற்றிக்கொண்டே போய்த் தூணில் ஒரு இடி இடித்து, கமானுக்குள் சட்டென்று உறிஞ்சியதுபோல் மறைந்தது. அந்த வேகத்தைத் தங்கம் பார்த்தாள். பழனிசாமி திரும்பி வருவதாகக் காணோம். அங்கேயே நின்று நீந்தி, கையை உயர்த்திக் காட்டினான். குட்டிக்கரணம்கூட ஒன்று போட்டான்.

“வாங்க மாமா, போதும்!” என்று கூப்பிட்டாள்.

காலடியில் ஏதோ சில்லென்றது. குனிந்தாள். மணலில் வைத்த மாவிளக்கைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்கு வைத்த இடம் தண்ணீரிலிருந்து இரண்டு முழம் தள்ளியல்லவா இருந்தது? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு மிதந்து, சாய்ந்து, அணைந்தது. தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. செம்மண் கரைத்த நிறம். வைக்கோலும் சுள்ளியும் நுரையும் அதன் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தன.

“புதுத்தண்ணி! ஆத்தா வந்துட்டா!” என்று ஒருத்தி கத்தினாள்.

இதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காவேரிக்கரையில் பிறந்தவர்களுக்கு ஆடியில் செந்தண்ணீர் வந்தால் அது தெய்வம் வந்த மாதிரி. வேறு எந்த ஊர்ப் பெண்களாக இருந்தாலும் அந்த நேரத்தில் அலறியிருப்பார்கள். இவர்கள் குலவையிட்டார்கள். பூவை அள்ளி வீசினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தங்கமும் பழக்கத்தில் வாய்க்கு நேரே கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. மேல்கரையில் ஒரு வண்ணான் ஈரவேட்டியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, இவர்களை நோக்கி ஓடி வந்தான். சந்தோஷப்படுகிற ஆள் அப்படி ஓடி வரமாட்டான்.

அவள் ஆற்றைப் பார்த்தாள்.

பழனிசாமிக்கும் தெரிந்துவிட்டது. விளையாட்டை விட்டுக் கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்திருந்தான். தோள் இரண்டும் ஏறி இறங்கின. கை வீச்சு நன்றாகவே இருந்தது. ஆனால் ஆள் நகரவில்லை. பின்னால் தூணில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. தங்கம் அதையும் அவன் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து வீச்சு போட்டான். தலை வெள்ளைக் கல்லுக்கு நேரேயே இருந்தது. இன்னும் பத்து. இப்போது தலை கல்லைத் தாண்டி, பாலத்தின் பக்கமாகத் தள்ளிப் போயிருந்தது.

பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் செய்கிற அக்கிரமம் அது. அகன்ற ஆற்றில் நாலு பக்கமும் பரவி வருகிற வெள்ளத்துக்கு அங்கே வழி குறைந்துபோகிறது. கமானுக்குக் கமான் நெரித்துக்கொண்டு பாய்கிறது. தூணில் மோதியது கீழே குடைகிறது, குடைந்தது சுழிக்கிறது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு வழவழவென்று எண்ணெய்போலத் தெரியும். உள்ளே இருக்கிறவன் காலை யாரோ பிடித்து இழுப்பதாகச் சொல்வான், சொல்வதற்குப் பிழைத்திருந்தால். நீந்தத் தெரிந்தவன்தான் அங்கே அதிகம் சாகிறான். தெரியாதவன் இறங்குவதே இல்லையே!

“தங்கம்!”

அவள் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. சின்னக் குழந்தையின் குரல்போல இருந்தது. தண்ணீருக்குள் ஓடினாள். இடுப்பு வரை போவதற்குள் வெள்ளம் அவளையே புரட்டியது. நாகம்மா கொசுவத்தைப் பிடித்து இழுத்துக் கரையில் தள்ளினாள்.

மேலிருந்து ஒரு மரம் வந்தது. வேரோடு, கிளையோடு, உருண்டு உருண்டு வந்தது. பழனிசாமி அதைப் பார்க்கவில்லை; கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தவள் தங்கம். கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. வெள்ளத்தின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவும் இல்லை. மரம் அவனைத் தூணோடு சேர்த்து அடித்தது. தலை முங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் நெஞ்சு அடித்தது. பிறகு தலை வெளியே வந்தது. மரம் கமானுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் தூணுக்கும் நடுவில் அவன் மாட்டியிருந்தான். தாடைவரை தண்ணீர். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் வண்டியை நோக்கி ஓடினாள். நுகத்தில் சுற்றியிருந்த கயிற்றை எப்படி அவிழ்த்தாள், எப்படிக் கரையேறினாள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. பாலத்துக்குமேல் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே அவன் முகம் அண்ணாந்து கிடந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அலைக்கும் மூக்கும் மறைந்து மறைந்து வெளிப்பட்டது. கண்கள் அவளைப் பார்த்தன. அந்தக் கண்ணில் கெஞ்சல் தவிர வேறு எதுவும் இல்லை.

கயிறு ஒரு ஆள் உயரம் குறைந்தது. யாரோ தலைப்பாகையை அவிழ்த்து முடிந்தார்கள். அந்த வண்ணான்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். பத்துப் பன்னிரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். தங்கமும் பிடித்தாள், உள்ளங்கைத் தோல் உரிந்ததை மறுநாள்தான் பார்த்தாள். மரக்கிளையை வண்ணான் காலால் உதைத்து உதைத்து விலக்கிய நேரம் ஒரு யுகமாக இருந்தது. நடுவில் ஒருமுறை பழனிசாமியின் தலை முழுசாக உள்ளே போய், திரும்பி வரவே இல்லை. தங்கம் கண்ணை மூடிக்கொண்டாள். தான் அறுதலியாகிவிட்டோம் என்று அந்த இருட்டில் அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. யாரோ ஆரவாரம் செய்தார்கள். திறந்தபோது இரண்டு உடம்பும் கயிற்றில் தொங்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தன.

உயிர் இருந்தது. வலது தொடை துவண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

வண்ணானுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வந்ததும் திட்ட ஆரம்பித்தான். ஏரியின் கதவைத் திறந்து தண்ணீர் விட்டாயிற்று என்று தண்டோரா போட்டார்களே, காதில் விழவில்லையா, செவிடா நீங்கள் என்று உருதுவில் கத்தினான். நாகம்மா அதைத் தமிழில் மற்றவர்களுக்குச் சொன்னாள். “மேல ஏரியில தண்ணி திறந்துவிட்டாச்சாம். ‘பானி சோடே’ன்னு தமுக்கடிச்சுச் சொல்லிட்டுப் போனானாமே, உங்க யாருக்குமா கேக்கல?”

தங்கத்துக்குக் கேட்டது. அப்போதும் கேட்டது, இப்போதும் கேட்டது. பாலத்துக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள்தான் அவளுக்குத் தைரியம் வந்தது. கட்டிலின் கால்மாட்டில் விழுந்து அழுதாள். “என்னாலதானுங்க மாமா. அவன் தொறந்துட்டாங்கன்னு சொன்னத நாந்தான் சின்னதுன்னு சொல்லிட்டேன். என் வாயிலதானுங்க உங்க கால் போச்சு.”

பழனிசாமி கூரையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அவள் தலையைத் தடவினான். “விடு புள்ள. தெரியாமத்தானே சொன்ன? நான் மனசுல வெச்சுக்கல.”

இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

தொடை கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. ரிவிட் அடிக்கிற வேலை போய், பட்டறை வாசலில் ஆட்களுக்கு டோக்கன் கொடுத்து வாங்குகிற வேலையில் உட்கார வைத்தார்கள். தங்கம் அன்றோடு வேற்றுப் பாஷையில் பேசுவதை நிறுத்தினாள். காதை நிறுத்த முடியவில்லை. காலனி முழுவதும் தெலுங்கும் உருதுமாக இரைந்துகொண்டிருக்க, எல்லாம் அவளுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. நாளாக ஆகத் தமிழும் சுருங்கியது. ‘போயிட்டு வாங்க’ என்று யாரையும் வழியனுப்ப மாட்டாள். வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டுவாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. நீரில் பிறந்தவள் என்று அர்த்தம் வருகிற மாதிரி ஜலஜா என்று பழனிசாமி பெயர் வைத்தான். அந்த மனிதனுக்கு அதிலும் ஒரு விளையாட்டு. தங்கம் அந்தக் குழந்தையைக் கிணற்றடிக்குக்கூட விடவில்லை. மழை பிடித்துக்கொண்டால் கதவைத் தாழிட்டு அவளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

புருஷனுக்கு அவள் செய்த சேவையைக் காலனியே சொல்லும். காலையில் வெந்நீர் ஒத்தடம், மாலையில் எண்ணெய் தேய்ப்பு. சோற்றில் ஒரு கல் கடிபட்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவான். அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவன் கைத்தடி தரையில் ஊன்றுகிற ஒவ்வொரு சத்தமும் அவளுக்கு ஒரு குற்றப்பத்திரிகை. மன்னித்துவிட்டவனிடம் எதைக் கேட்பது?

பன்னிரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

1947-இல் ஒரு சாயங்காலம். ஜலஜாவுக்குப் பத்து வயது. அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருதுப் பாடம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சோட்னா, விடறது. சோடே, விட்டாங்க. சோட்டா, சின்னது.”

தங்கத்தின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. “அதப் படிக்காத கண்ணு” என்றாள்.

“கைக்கு அம்மா? நாளைக்கு டீச்சர் கேப்பாங்க.” ஜலஜா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். “ஓ, அப்பாவோட கிஸ்ஸாவா?”

“என்ன கதை?”

“அதான், தண்டோராக் கிஸ்ஸா. நான் சாப்பாடு கொண்டுபோறப்பல்லாம் பட்டறை கேட்டுல சொல்லிட்டிருப்பாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ‘தண்ணி திறந்தாச்சுன்னு கத்தறான், எம் பொண்டாட்டி தண்ணி சின்னதுன்னு சொல்றா’ன்னு நீ பேசற மாதிரியே பேசிக் காட்டுவாரு.” ஜலஜா பாடப் புத்தகத்தைத் திருப்பினாள். “அப்பாவுக்கு அப்பவே புரிஞ்சுதாம். தண்ணி வந்து சேர நேரம் ஆவும், அதுக்குள்ள கூடைய விட்டுட்டு வந்துடலாம்னு நெனச்சாராம்.”

தங்கம் அடுப்பை அணைத்தாள். அகப்பையைக் கழுவி வைத்தாள். தனக்குள்ளே பெரிய சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நினைவுக்கு வந்தது. தோள் குலுங்கச் சிரித்த சிரிப்பு.

பழனிசாமி வந்து தடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்ததும் கேட்டாள். “தமுக்கடிச்சவன் என்ன சொன்னான்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?”

அவன் மகளைப் பார்த்தான். அவள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “இப்ப என்ன அதுக்கு?” என்றான். “தெரியும்தான். சொல்லியிருந்தா நீ போவ விட்டிருப்பியா?”

“அப்பறம் ஆஸ்பத்திரியில ஏன் சொல்லல? காலப் புடிச்சுட்டு அழுதனே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.” காலை நீட்டித் தொடையைத் தடவிக்கொண்டான். பதில் தேடி ரொம்பத் தூரம் போகவில்லை. கையில் கிடைத்ததைச் சொன்னான். “அப்பறம் நீ நெம்ப நல்லாப் பாத்துக்கிட்ட புள்ள. அப்படியே விட்டுட்டேன். எண்ணெயக் காய்ச்சு, வலிக்குது.”

அன்றைக்கு அவள் எண்ணெய் காய்ச்சவில்லை.

மறுநாள் மத்தியானச் சங்கு ஊதியது. பட்டறை வாசலில் வேப்பமர நிழலில் இருபது முப்பது பேர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஜலஜா கொண்டுவருகிற சோற்று அடுக்கை அன்று தங்கம் கொண்டுவந்தாள். பழனிசாமி தன் முக்காலியில் இருந்தபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

அடுக்கை அவன் மடியில் வைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். பன்னிரண்டு வருஷத்துப் பயம் எல்லாம் ஒன்றாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. யாராவது சாகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“இனோகு மாலூம் தா” என்றாள், புருஷனைக் காட்டி. “மேரேகு நை மாலூம் தா.”

இவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் முதலில் வந்தது. பிறகு மடை திறந்துகொண்டது. சுத்தமான லாலாகுடாப் பேச்சில், ஒரு பிசகில்லாமல், அவள் அந்தக் கதையைச் சொன்னாள். தண்ணீர் வருகிறது என்று தெரிந்த இவர் என்னிடம் கேட்டுவிட்டு இறங்கினார். தெரியாத நான் பன்னிரண்டு வருஷம் அழுதேன். ஊமையானேன். என் குழந்தையோடு வாய்விட்டுப் பேசப் பயந்தேன். தெரிந்த இவர் என்னை மன்னித்தார். மன்னித்துவிட்டு இங்கே உட்கார்ந்து உங்களைச் சிரிக்க வைத்தார். சிரியுங்கள், இப்போது சிரியுங்கள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு தாடிக்காரப் பெரியவர் கையிலிருந்த ரொட்டியைப் பாத்திரத்தில் திரும்ப வைத்தார். பழனிசாமியை ஒருவரும் நேராகப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கரையிலும் ஆள் பார்க்க வேண்டும் என்று வாழ்ந்தவன் அல்லவா?

“மெல்லப் பேசு புள்ள” என்றான். “வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். இங்க வேண்டாம், தங்கம். உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்.”

அந்தக் குரலில் இருந்த பயத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். இத்தனை வருஷம் தன்னோடு உண்டு உறங்கிய பயம் அவளுக்குத் தெரியாதா?

“சோறு ஆறிப்போவுது, சாப்புடுங்க” என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இன்னும் சொல்ல வேண்டியிருந்த மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினாள்.